புதுப் புத்தகங்களை மகள் தொடவே மாட்டேன் என்கிறாள், எப்படிப்பட்டவை வாங்கலாம்?

கொடிமுல்லை:
வணக்கம். மகளுக்கு ஏழரை வயது. எழுத்துக்கூட்டி நன்றாகவே படிக்கிறாள். போன மாதம் அவளுக்காகப் பதினொரு புத்தகங்கள் வாங்கினேன். எல்லாமே அண்மையில் வந்தவை. படங்கள் அழகு, தாள் அழகு, எடுத்துப் பார்த்தால் எனக்கே படிக்கத் தோன்றியது. அவள் ஒவ்வொன்றிலும் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். இரவு படுக்கப் போகும்போது கையில் எடுத்து வருவது மூன்று வயதில் வாங்கிய யானைக் கதையைத்தான். அட்டை கிழிந்து நாலு இடத்தில் ஒட்டுப் போட்ட புத்தகம், முழுக்க மனப்பாடம் வேறு. பிள்ளைகள் விரும்பிப் படிக்கிற புதுப் புத்தகங்கள் எப்படி இருக்கும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். செலவழித்த காசைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. இவளுக்குப் படிப்பதில் ஆசையே வராமல் போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

அலமாரிக்காரி:
சிறுவர் நூலகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி. அந்தப் பதினொன்றில் அவளே எடுத்தவை எத்தனை? வீட்டில் யார் வாசிக்கிறீர்கள், அவளா நீங்களா? வாசித்து முடித்ததும் என்ன நடக்கும்?

கொடிமுல்லை:
எல்லாமே நான் எடுத்தவை. அட்டையில் "7 முதல் 9 வயது வரை" என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். யானைக் கதையை மட்டும் இன்னும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். மற்றவற்றை, "உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, நீயே படி" என்று கொடுத்துவிட்டேன். முடித்ததும் "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்பேன். இதை எழுதும்போதே எங்கேயோ இடறுகிறது.

அலமாரிக்காரி:
மனசு விட வேண்டாம். எங்களிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதலில் யானைக் கதை. 2011இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், சிலருக்கு வேறு வேறு கதைகளை. புதுச் சொற்களை இரண்டு குழுவினரும் ஒரே அளவுதான் கேட்டார்கள். ஆனால் ஒரே கதையைக் கேட்ட பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சொற்கள் நன்றாக மனதில் நின்றன. அடுத்து என்ன ஆகும் என்ற பரபரப்பு அடங்கிய பிறகு, பிள்ளை சொல்லைக் கவனிக்கிறது, படத்தின் மூலையைக் கவனிக்கிறது. அதனால் யானையைப் பிடுங்க வேண்டாம். அது இருக்கட்டும், பக்கத்தில் இன்னொன்று வரட்டும்.

இரண்டாவது, "நீயே படி" என்று கொடுத்தது. எழுத்துக்கூட்டத் தெரிந்த அன்றே நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்வதைவிட, காதால் கேட்டுப் புரிந்துகொள்வது பல வருடங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். நேற்றுவரை அம்மா வாயால் பெரிய பெரிய கதைகளைக் கேட்டவள், இன்று தன் கண்ணால் தத்தித் தத்திப் படித்தால் கதை அவளுக்கு நொண்டியாகத் தெரியும். புத்தகத்தின்மேல் குற்றம் இல்லை, அவள்மேலும் இல்லை.

அதனால் புதுப் புத்தகம் வாங்கும்போதே இரண்டு அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவளே படிக்க ஒரு அடுக்கு, அவள் திறனுக்கு ஒரு படி கீழே இருந்தாலும் தப்பில்லை. நீங்கள் வாசித்துக் காட்ட இன்னொரு அடுக்கு, அது இரண்டு படி மேலேயே இருக்கலாம். அட்டையில் போட்டிருக்கும் வயது இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் அந்த எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

கரும்பலகை:
முப்பத்திரண்டு வருடம் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவன். மேலே உள்ளதில் பெரும்பகுதி சரி. ஆனால் கதையின் முடிவில் கேள்வி கேட்பதே தவறு என்பதுபோல் பேச்சு போகிறது, அதை என்னால் ஏற்க முடியாது. வாய் படித்திருக்கும், மனம் எங்கோ இருந்திருக்கும். கேட்டால்தான் தெரியும். நல்லது கெட்டது எது என்று கதை வழியாகச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? இப்போது வரும் புத்தகங்கள் பலவற்றில் பூனை பறக்கிறது, நாற்காலி பாடுகிறது, முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

அலமாரிக்காரி:
ஐயா, கேள்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்கிற நேரமும் கேட்கிற விதமும்தான் முக்கியம். 1988இல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, படப் புத்தகம் வாசிக்கும்போது நடுநடுவே "இங்கே என்ன நடக்கிறது?" என்பதுபோல் விரிந்த கேள்வி கேட்கவும், பிள்ளை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லவும் பழக்கினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் வாசித்தார்கள். நாலு வாரத்திலேயே முதல் குழுப் பிள்ளைகளின் பேச்சில் தெளிவான வித்தியாசம் தெரிந்தது.

அந்தக் கேள்விகளுக்குக் கேட்பவர் கையில் தயாராக ஒரு பதில் கிடையாது. "என்ன தெரிந்துகொண்டாய்" என்பதற்கோ பதில் நம்மிடம் முன்பே இருக்கிறது. பிள்ளை அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அப்போது கதை தேர்வாகிவிடுகிறது. "நீயாக இருந்தால் அந்தக் கதவைத் திறப்பாயா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் பேசுவாள்.

அப்புறம், பாடும் நாற்காலி. மிஞ்சுவது சிரிப்புதான் ஐயா. ஆனால் அந்தச் சிரிப்புக்காகத்தான் அடுத்த புத்தகத்தை எடுக்க வருகிறார்கள். இதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

கரும்பலகை:
"நீயாக இருந்தால்" என்பது நல்ல கேள்வி. வகுப்பில் நான் அதைக் கேட்டதில்லை. பேத்தியிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

ஒற்றுப்புள்ளி:
சிறுவர் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவது, என் வேலை. கதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

தமிழில் 247 எழுத்து என்றாலும், பிள்ளை கற்க வேண்டிய வடிவங்களும் குறிகளும் அதைவிடக் குறைவுதான், குறிகள் திரும்பத் திரும்ப வருபவை. சிக்கல் வேறு இடத்தில். "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. "கொ"வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, வாய் கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி முன்னே போக வேண்டும். பழகிய நமக்கு இது தெரிவதே இல்லை. புதிதாகப் படிக்கிற பிள்ளை ஒவ்வொரு கொம்பிலும் ஒரு நொடி நிற்கிறது.

இதற்கு மேல் சொல்லின் நீளம். "போய்க்கொண்டிருந்தான்" என்ற ஒரு சொல்லில் பத்து எழுத்து. கடைசி "ன்"னுக்கு வந்து சேரும்போது தொடக்கத்தில் இருந்த "போ" மறந்துபோயிருக்கும். அவளுக்குத் தெரியாத சொல்லா? தினமும் பேசுகிற சொல்தான். "போனான்" என்று மூன்று எழுத்தில் சொல்லியிருந்தால் தாண்டிப் போயிருப்பாள். ஒரு பக்கத்தில் இப்படி ஆறு சொல் இருந்தால் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிள்ளை மூடிவிடும். "பிடிக்கவில்லை" என்று சொல்லும். உண்மையில் மூச்சு வாங்கியிருக்கும், அதைச் சொல்லத் தெரியாது.

ஆகவே கொடிமுல்லை, அடுத்த முறை புத்தகம் எடுக்கும்போது முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள், அதை எல்லோரும் அழகாகத்தான் செய்திருப்பார்கள். நடுப்பக்கத்தைத் திறங்கள். வரி முடிகிற இடத்தில் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகிறதா என்று பாருங்கள். "வந்துகொண்-" என்று ஒரு வரியும் "டிருந்தாள்" என்று அடுத்த வரியுமாக நின்றால், அதை அச்சுக்குக் கொண்டுபோனவர் பிள்ளையை நினைக்கவில்லை என்று பொருள். எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, வரிக்கும் வரிக்கும் நடுவில் இடம் வேண்டும். நம் மெய்யெழுத்துப் புள்ளியும், "கி"யில் வரும் மேல் விலங்கும் மேல் வரியின் காலில் போய் முட்டக் கூடாது.

சொல் குறைந்தால் கதையும் குறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1954இல் ஜான் ஹெர்சி என்ற எழுத்தாளர் அமெரிக்காவின் "லைஃப்" இதழில், பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் சப்பென்று இருப்பதால்தான் பிள்ளைகள் படிக்கத் திணறுகிறார்கள் என்று எழுதினார். அதைத் தொடர்ந்து, முதல் வகுப்புப் பிள்ளை விடாமல் படிக்கிற மாதிரி ஒன்று எழுதித் தாருங்கள் என்று சிறுவர் நூல் எழுத்தாளர் டாக்டர் சூஸிடம் கேட்டார்கள். வரையறுத்த சொற்பட்டியலுக்குள் நின்று அவர் எழுதிய "தி கேட் இன் தி ஹேட்" 1957இல் வந்தது. மொத்தம் 236 தனிச்சொற்கள். மழைநாளில் சலித்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள், அழைக்காமலே வந்து வீட்டைத் தலைகீழாக்கும் ஒரு பூனை. அந்த 236 சொல்லுக்குள் எவ்வளவு ஆட்டம்! நம் எழுத்தாளர்களும் இப்படி ஒரு வேலியைப் போட்டுக்கொண்டு எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

படப் புத்தகங்களைப் பற்றியும் ஒன்று. பெரும்பாலானவை 32 பக்கம்தான் இருக்கும். பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டெட்டாகவும் பதினாறு பதினாறாகவும் வருவதால் அமைந்த கணக்கு அது. தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு இருபத்தெட்டுப் பக்கம் தேறினால் அதிகம். "எழுத்தே இல்லையே, இதற்கா இவ்வளவு காசு" என்று பெற்றோர் கேட்பார்கள். எழுத்தும் படமும் ஒன்றையே சொன்னால் அந்தக் கேள்வி நியாயம். எழுத்து "பூனையை எங்கேயும் காணோம்" என்று சொல்கிறது, படத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது பிள்ளை எழுத்தாளரைவிட அதிகம் தெரிந்தவள் ஆகிவிடுகிறாள். அப்படி ஒரு பக்கமாவது உள்ள புத்தகமா என்று தேடுங்கள்.

பட்டம்விடுபவன்:
மிகவும் பயனுள்ள பதிவு. ஒரு சந்தேகம். இப்போது வரும் சிறுவர் நூல்களில் பாத்திரங்கள் "வந்துட்டான்", "என்னாச்சு" என்று பேச்சுத் தமிழில் பேசுகின்றன. என் மகன் கட்டுரையிலும் அப்படியே எழுத ஆரம்பித்துவிட்டான். இது சரியா?

ஒற்றுப்புள்ளி:
கதையை எழுத்துத் தமிழில் சொல்லி, உரையாடலை மட்டும் பேச்சுத் தமிழில் வைத்தால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது என்பது என் கருத்து. பாத்திரம் தன்னைப்போலவே பேசும்போது புத்தகம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் புதிதாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு ஒரு இடைஞ்சல் உண்டு. பேச்சுச் சொல்லுக்கு ஒரே எழுத்து வடிவம் கிடையாது. ஒரு புத்தகத்தில் "வந்துட்டான்", இன்னொன்றில் "வந்திட்டான்", மற்றொன்றில் "வந்துட்டா(ன்)". பார்த்த சொல்லையே மறுபடி பார்த்தால்தான் கண்ணில் பதியும். ஆகவே தொடக்கக்காரர்களுக்குப் பேச்சு வழக்கை அளவாகவும், வந்த இடத்திலெல்லாம் ஒரே மாதிரியும் எழுதச் சொல்வேன்.

கரும்பலகை:
இதில் நான் பட்டம்விடுபவன் பக்கம். பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. எழுத்துத் தமிழ் பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே இடம் புத்தகம். அதையும் விட்டுக்கொடுத்தால் எங்கே போவது?

ஒற்றுப்புள்ளி:
ஐயா சொல்வதன் கனம் புரிகிறது. அதற்கு நான் பார்க்கும் வழி, பெரியவர்கள் உரக்க வாசித்துக் காட்டுவது. எழுத்துத் தமிழின் ஓட்டம் முதலில் காதில் ஏறிவிட்டால், கண்ணில் படும்போது அந்நியமாக இருக்காது.

இரட்டைவால் குருவி:
எனக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒன்பது வயது. ஒருத்தி கதைப்பைத்தியம். இன்னொருவனுக்குக் கதையே ஆகாது. "இதெல்லாம் நடக்கவே இல்லையே" என்பான். இரண்டு வருடம் அவனைக் கதைக்குள் தள்ளப் பார்த்துத் தோற்றேன். ஒருநாள் பூச்சிகளைப் பற்றிய ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. அன்றிலிருந்து வண்டு, சிலந்தி, எறும்பு. படங்களுக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடுவதில்லை. கதைப் புத்தகம் மட்டுமே வாசிப்பு என்று நினைத்தது என் தப்பு.

அலமாரிக்காரி:
குருவி சொன்னதற்கு ஒரு ஆதாரம் உண்டு. இதுவும் 1988இல் வெளிவந்ததுதான். அமெரிக்காவில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், ஆனால் ஆட்டம் தெரியாது. இன்னொரு பக்கம் வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆட்டம் அத்துப்படி. பின்தங்கியவர்கள்தான் அதிகம் புரிந்துகொண்டார்கள். ஒரு விஷயத்தைப் பற்றி மண்டை நிறைய வைத்திருக்கும் பிள்ளைக்கு அதே விஷயத்தில் ஒரு புதுப் புத்தகம் கொடுத்தால், அதன் வாசிப்புத் திறனே ஒரு படி ஏறி நிற்கும்.

தகவல் நூல் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு இருக்கிறதா? படங்களில் உறுப்புகளின் பெயர் போட்டிருக்கிறதா? எறும்பையும் யானையையும் ஒரே அளவில் வரைந்து வைத்திருக்கிறார்களா, உண்மை அளவைப் பக்கத்தில் குறித்திருக்கிறார்களா? இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் மற்றதையும் கவனமாகச் செய்திருப்பார்கள்.

காமிக்ஸ் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். தாராளமாக. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் நடந்ததைப் பிள்ளையே ஊகிக்க வேண்டும், அது சின்ன வேலை இல்லை.

மழைக்காகிதம்:
என் மகன் படிக்கும் பள்ளியில் எடுக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இப்போது அவன் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுக்கிறான். போன வருடம் வரை தடியான புத்தகத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியவன். நான் என்ன செய்யட்டும்?

அலமாரிக்காரி:
படிக்கவே வலிக்கிறது. பள்ளிக்கு ஒரு புத்தகம், வீட்டுக்கு வேறு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். வீட்டுப் புத்தகத்தில் எழுத்து வேலை எதுவும் கிடையாது. பக்கம் தாண்டலாம், பாதியில் விடலாம், படித்ததையே மறுபடி படிக்கலாம். பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பெனாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தை எழுதி வைத்தார். நான் இப்போது சொன்ன மூன்றும் அதில் உண்டு, படிக்காமலே இருக்கும் உரிமைதான் அதில் முதலாவது. அந்தப் பத்தையும் எங்கள் நூலகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் நின்று படித்துவிட்டு, உண்மைதானா என்று என்னிடம் வந்து கேட்பார்கள்.

பட்டம்விடுபவன்:
புத்தகம் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்காக: ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழிலும் படப் புத்தகங்கள் இலவசமாக உள்ளன. 2015இல் தொடங்கியது. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். திறந்த உரிமம் என்பதால் தரவிறக்கி அச்செடுத்துத் தைத்தும் கொடுக்கலாம். நான் வாரம் இரண்டு அப்படிச் செய்கிறேன். மொழிபெயர்ப்பின் தரம் கதைக்குக் கதை மாறும், முதலில் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அலமாரிக்காரி:
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல், புத்தகம் பிள்ளைக்குச் சன்னலாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். பிறர் வாழ்க்கையைப் பார்க்கச் சன்னல், தன்னைப் பார்க்கக் கண்ணாடி. இதைப் படித்தபோது தலையாட்டினேன், அவ்வளவுதான். பிறகு எங்களிடம் காதுக்கருவி வைத்த ஒரு சிறுமி வருவாள், பேசவே மாட்டாள். புதிதாக வந்த ஒரு படப் புத்தகத்தில் கூட்டமாக விளையாடும் பிள்ளைகளில் ஒருத்தி காதிலும் கருவி இருந்தது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஓரமாக வரைந்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை அவள் ஐந்து முறை எடுத்துப் போனாள். புதுப் புத்தகங்கள் நமக்கு ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வரும்.

கொடிமுல்லை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோர் பதிலையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போய், உனக்கு வேண்டியதை எடு என்று சொல்லிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. எடுத்து வந்தது இரண்டு. ஒன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்கானது, பக்கத்துக்கு ஒரு வரி. மற்றொன்று எறும்புப் புற்றுக்குள் என்ன இருக்கிறது என்று குறுக்கே வெட்டிக் காட்டும் புத்தகம். முதலாவதை வைத்துவிடச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அதை வீட்டுக்கு வரும் வழியிலேயே படித்து முடித்தாள். ஒரு புத்தகத்தைத் தானே முடித்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முன்பு வாங்கிய பதினொன்றில் இருந்த தடித்த நாவலை இரவில் நான் வாசிக்கத் தொடங்கினேன், நாளுக்கு ஒரு அத்தியாயம். முடிந்ததும் எதுவும் கேட்பதில்லை. நாலாம் நாள் தொண்டை கட்டியிருந்ததால் படகு கவிழும் இடத்தில் நிறுத்திவிட்டேன். காலையில் பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒற்றுப்புள்ளி சொன்ன மாதிரியே நீளமான சொற்களில் நின்று நின்று போனாள். ஆனால் நிறுத்தவில்லை. படகில் இருந்தவர்கள் பிழைத்தார்களா என்று நான் கேட்டதற்கு, "ராத்திரி நீங்களே வாசிச்சுத் தெரிஞ்சுக்கோங்க அம்மா" என்றாள்.

யானைக் கதையும் இருக்கிறது. இப்போது அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

எறும்புப் புத்தகம் முடிந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறாள். குருவி, உங்கள் மகனிடம் கேட்டுச் சொல்கிறீர்களா?

இரட்டைவால் குருவி:
கேட்டேன். மண்புழு, அப்புறம் பிள்ளைப்பூச்சி, இந்த வரிசையில்தான் போக வேண்டுமாம். மண்புழுப் புத்தகத்தில் உள்ளுறுப்புப் படம் இருக்கிறதா என்று பார்த்து எடுக்கச் சொல்கிறான், இல்லாவிட்டால் வேண்டாமாம். சிக்காடா என்ற பூச்சி பல வருடம் மண்ணுக்கு அடியில் வாழ்ந்துவிட்டு மேலே வரும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாதாம், அதை அவளே புத்தகத்தில் பார்க்க வேண்டுமாம்.